தீவுக்குச் சுருட்டிக்கொண்டு போன விசைப்பலகை

பர்ஹானா தொலைபேசியில் கேட்டது சின்னக் கேள்விதான்.

"சேர், அடுத்த மாசம் நடமாடும் சேவைக்குத் தீவுப் பக்கம் போறோம். பேக்குல போடக்கூடிய மாதிரி மெல்லிசா, சின்னதா ஒரு கீபோர்ட் எடுக்கணும். ஒஃபிஸ்ல ஆளுக்கொரு கதை சொல்றாங்க. எது நல்லம்? ரெண்டு சொல்லுல சொன்னாலும் போதும்."

"ரெண்டு சொல்லுல சொல்ல ஏலாது மகள்."

"அது எனக்குத் தெரியும் சேர்" என்று சிரித்தாள்.

பிரதேச செயலகத்தில் நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த அழைப்புகள் மூன்று. முதலாவது, அலுமாரிப் பூட்டின் திறப்பு எங்கே என்று கேட்டு வந்தது. இரண்டாவது, வேறு யாருக்கோ எடுத்தது தவறி எனக்கு வந்தது. இது மூன்றாவது. மூன்றில் இதற்கு மட்டுமே என்னிடம் பதில் இருந்தது. ஆகவே அதை அவசரப்பட்டுச் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை.

கனமூலைக் கிராமத்தில் என் வீட்டில் ஆறு கதிரைகள் இருக்கின்றன. ஐந்தில் யாரும் இருப்பதில்லை. மனைவி இல்லை. மகன் கட்டாரில். வெள்ளிக்கிழமைகளில் அவன் எடுக்கும்போது தண்ணீர் மோட்டாரின் இரைச்சல், பக்கத்து வளவு வேலி, கூரையில் ஓடு விலகிய இடங்கள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்வேன். "ஆளைப் பிடிச்சுச் செய்ங்க வாப்பா" என்பான். ஆளைப் பிடித்தாலும் கூட நின்று எண்ணிப் பார்க்க வேண்டுமே. போன முறை ஓடு மாற்றியவன் பதினெட்டு ஓடு என்று சொல்லிப் பதினாறுதான் போட்டிருந்தான்.

மறுநாள் மதுரங்குளிச் சந்தியில் பஸ் பிடித்துப் புத்தளம் நகரத்துக்குப் போனேன். கணினிச் சாமான்கள் விற்கும் கடையில் முதலாளி மூன்று விசைப்பலகைகளை எடுத்து வைத்தார். நான் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன்.

"என்ன ஹாஜியார் எண்ணுறீங்க?"

"பட்டன."

"எல்லாத்திலயும் ஒரே கணக்குத்தான்."

"இல்ல. இதுல எழுபத்தெட்டு. இதுல அறுபத்தி நாலு. பதினாலு பட்டன் எங்க போன?"

"அதெல்லாம் யாரும் அமத்தாத பட்டன், ஹாஜியார்."

"நான் அமத்துவன்."

அவர் என்னைப் பார்த்தார். "பேரப்புள்ளைக்கா?"

"ஒஃபிஸுக்கு."

"இன்னும் ரிட்டயர் ஆகல்லியா?"

"ஆகிட்டன்."

அவர் எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.

முதலாவது, புத்தகம்போல இரண்டாக மடிவது. மடித்தால் சட்டைப் பைக்குள் போகும். ஆனால் விரித்தால் நடுவில், சுட்டு விரல்கள் போய் விழும் இடத்தில் ஒரு பள்ளம். மேசையில் வைத்தால் சமாளிக்கலாம். நடமாடும் சேவையில் பாதி வேலை மடியில்தான் நடக்கும். மடியில் வைத்தால் அது மறுபடி மடிந்துகொள்ளப் பார்க்கும். இரண்டாவது அறுபத்து நான்கு விசைகள் கொண்டது. அம்புக்குறி விசைகளே கிடையாது. வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டு அமத்த வேண்டுமாம். வெயிலில் வரிசையில் நிற்கிறவரை வைத்துக்கொண்டு அந்த வித்தை காட்ட முடியாது. மூன்றாவது ஒரே தகடு. மெல்லிசு, பாரமும் இல்லை. எழுபத்தெட்டு விசைகளும் விரலுக்குப் போதிய இடைவெளியோடு இருந்தன. தமிழ் எழுத்து ஒட்டிகள் ஒட்டவும் இடமிருந்தது. அதைக் காதருகே பிடித்து நாலைந்து விசைகளை அமத்திப் பார்த்தேன்.

"என்ன செய்றீங்க?"

"சத்தம் வருதா எண்டு பார்க்கிறன்."

"சத்தமே வராது. அதுதான் இதுட விசேஷம்."

"அப்ப வேணாம்."

"எல்லாரும் சத்தம் இல்லாததைத்தான் கேக்குறாங்க ஹாஜியார்!"

"அவங்க தீவுக்குப் போறதில்ல."

இதைப் பர்ஹானாவுக்கு விளங்கப்படுத்துவதென்றால் குணபால மாத்தையாவைப் பற்றியும், நூர்நிஸா என்ற பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதனால்தான் இரண்டு சொல்லில் முடியாது என்றேன்.

நான் தட்டெழுத்துப் பழகியது புத்தளத்தில் ஒரு சிறிய வகுப்பில். எட்டு இயந்திரங்கள், அதில் நல்லவை ஐந்து. கைகளுக்கு மேலே துணி கட்டிவிட்டுப் பார்க்காமல் அடிக்கச் சொல்வார்கள். பரீட்சை எழுதினேன், அரசாங்கத் தட்டெழுத்தாளர் ஆனேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நடமாடும் சேவையில்தான் வேலை என்றால் என்ன என்று தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி, ஓய்வூதியம் என்று அலுவலகத்துக்கு வர வசதியில்லாத ஊர்களுக்கு நாங்களே போவோம். பாடசாலை மண்டபத்திலோ மீனவர் சங்கக் கட்டடத்திலோ மேசைகள் போடுவோம். சனங்கள் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வாக்குமூலம் எழுதும் மேசை என்னுடையது. தட்டெழுத்து இயந்திரத்தை இரண்டு பொலித்தீனால் சுற்றி உரப்பைக்குள் வைத்து, படகில் மடியில் தூக்கிக்கொண்டு போவேன். இறங்கும்போது தொடை மரத்துப்போயிருக்கும்.

அந்த இயந்திரத்தின் சத்தத்துக்கு அந்தக் கரையில் ஒரு பழக்கமே உண்டாகியிருந்தது. ஒருவர் ஒரு வசனம் சொல்வார், நிறுத்துவார். நான் அடிப்பேன். வரி முடிந்து மணி அடித்ததும் அடுத்த வசனத்தைச் சொல்வார். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தம் கேட்டால் தன் சொல் கடதாசியில் ஏறிவிட்டது என்று அர்த்தம். கேட்காவிட்டால் ஏறவில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வேறு அத்தாட்சி ஏது?

குணபால மாத்தையா எங்களுடைய பிரதம இலிகிதர். சிலாபத்துச் சிங்களவர்; மாத்தையா என்றால் ஐயா. முந்தல் பக்கம் வேலை செய்த காலத்தில் கடைகளில் கதைத்துக் கதைத்தே தமிழ் பழகியவர். வாக்குமூலத்தை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கும் சமாதான நீதவானும் அவர்தான் என்பதால் வாக்குமூல மேசையில் எப்போதும் இருப்பார். ஆனால் மேசைக்குப் பின்னால் இருக்க மாட்டார். தன் கதிரையை எடுத்துக்கொண்டு போய், வாக்குமூலம் கொடுப்பவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். மேசைக்கு இந்தப் பக்கம் நான் மட்டும். இது எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து என்னை விசாரிப்பதுபோல இருக்கும்.

யாராவது கதைக்கும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அப்போது அவருக்குப் பார்வை மங்கலாக இருக்கும். கேட்க மட்டும்தான் முடியும். அவருக்கு மாற்றவே முடியாத வழக்கங்கள் மூன்று இருந்தன. சொன்னவர் சொன்ன சொல்லைத்தான் அடிக்க வேண்டும், அலுவலகத் தமிழுக்கு மாற்றக் கூடாது. சொல்ல வேண்டியதை நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. முடிந்ததும் முழுவதையும் நான் உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். மண்டபம் நிறையச் சனம் காத்திருந்தாலும் ஒரு வரியைக்கூடத் தாண்ட விட மாட்டார். "நானா, அந்த மனுசன் அவருட வாழ்க்கையக் குடுத்திருக்கார். திருப்பிக் காட்டாம எப்பிடி எடுத்துட்டுப் போற?" என்பார். எங்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன்.

பிறகு மடிக்கணினி வந்தது. உப்புக் காற்று அதை விடவில்லை. முதலில் ஒரு விசை செத்தது, பிறகு மூன்று, பிறகு ஏழு. வெளியே இணைக்க ஒரு விசைப்பலகை வாங்கச் சொன்னார்கள். தெரிவு என்னுடையது. படகில் போவதற்கு எது தோது என்று பார்த்துப் பார்த்து ரப்பரில் செய்த ஒன்றை எடுத்தேன். பாய்போலச் சுருட்டலாம். தண்ணீர் பட்டால் துடைக்கலாம். மணல் போகாது, உப்பு ஏறாது, பாரம் இல்லை. இயந்திரத்தை மடியில் சுமந்த எனக்கு அது பெரிய விடுதலை. குணபால மாத்தையா அதை விரித்துப் பார்த்துவிட்டு, "சரி நானா, வேலை முடிஞ்சா இதுலயே படுக்கவும் ஏலும்" என்றார்.

அதை முதன்முதலாகக் கொண்டு போனது கற்பிட்டிக்கு அப்பால் உள்ள ஒரு மீன்பிடித் தீவுக்கு. பாடசாலை மண்டபம். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது துண்டோடு வந்தவர் நூர்நிஸா. கூடவே கலியாண வயதில் மகள்.

விடயம் இதுதான். நூர்நிஸாவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கவிழ்ந்த தோணி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. மகளுக்கு நல்ல இடத்தில் பேசி முடிவாகியிருந்தது. நிக்காஹ்வுக்குப் பெண்ணின் தகப்பன் வலியாக, அதாவது பொறுப்பாளராக, நின்று சம்மதம் கொடுக்க வேண்டும். தகப்பன் இல்லையென்றால் தகப்பனின் சகோதரர் நிற்கலாம். அதற்குத் தகப்பனின் மரணச் சான்றிதழைக் கேட்டார்கள். சான்றிதழ் எடுக்க வேண்டுமானால், கணவர் இறந்துவிட்டதாகத் தான் நம்புவதை மனைவி சத்தியம் செய்து சொல்ல வேண்டும். கிராம அலுவலரின் அறிக்கையும் சங்கத்தின் கடிதமும் ஏற்கெனவே இருந்தன. நூர்நிஸாவின் வாக்குமூலம் மட்டுமே பாக்கி. மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே ஒரு முறை பொறுத்துவிட்டார்கள்.

குணபால மாத்தையா பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நூர்நிஸா தொடங்கினார்.

"புள்ளட வாப்பா கடலுக்குப் போன. காத்து மாறின. மத்தவங்கட தோணியெல்லாம் வந்த. அவர்ட தோணி வரல்ல."

நிறுத்தினார். நான் அடித்தேன். அடித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"புள்ளட வாப்பா கடலுக்குப் போன" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாம் முறையும் அதையே சொன்னபோது குணபால மாத்தையா, தங்கையிடம் கேட்பதுபோல, சிங்களத்தில் நங்கி என்று அழைத்துக் கேட்டார்:

"ஏன் நங்கி திரும்பத் திரும்ப அதையே சொல்றீங்க?"

"அவர் எழுதுறார் இல்லியே மாத்தையா. சும்மா அந்த ரப்பர் துண்டைத் தடவிக்கிட்டு இருக்கார்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "ரொட்டிக்கு மா பெசையிறார் போல" என்றார். எனக்கு முகம் சுட்டது. கணினியைத் திருப்பித் திரையைக் காட்டினேன். எங்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்போம்.

"எழுதியிருக்கன் தாத்தா. பாருங்க."

"எனக்கு வாசிக்கத் தெரியாது நானா. கேக்கத்தான் தெரியும்."

குணபால மாத்தையா என் பக்கம் திரும்பினார். "நானா, ஒவ்வொரு சொல்லா வாயால சொல்லிச் சொல்லி அடிங்க" என்றார்.

அப்படித்தான் செய்தேன். ஒரு மண்டபம் சனத்துக்கு முன்னால், அந்தப் பெண்ணின் சொற்களை என் குரலில் உரத்துச் சொல்லி அடித்தேன். புள்ளட வாப்பா கடலுக்குப் போன. காத்து மாறின. ஒவ்வொரு வசனத்துக்கும் அவர் தலையாட்டினார். தோணியை யார் கண்டது, எந்தப் பக்கம் கிடந்தது, உள்ளே என்ன மிஞ்சியிருந்தது எல்லாம் சொன்னார். தேடப் போனவர்களின் பெயர்களைச் சொன்னார், பதினொரு பெயர். அந்த ஒரு வரியைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

"இப்ப நீங்க என்ன நம்புறீங்க நங்கி, அவர் எங்க?" என்று கேட்டார் குணபால மாத்தையா.

"வரல்ல."

"வருவாரா?"

"அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"அப்ப இது காணாது. பதிவாளர் கேக்கிற ஒரு வரி இருக்கு. அத நீங்கதான் சொல்லணும். நான் சொல்லித்தர ஏலாது. நானாவுக்கும் ஏலாது."

மகள் குனிந்து தாயின் காதில் சொல்வதுபோலச் சொன்னாலும் எல்லோருக்கும் கேட்டது. "சொல்லுங்களேன் உம்மா. இன்னொருக்காத் தள்ளிப் போட்டா அவங்க வேற எடம் பார்ப்பாங்க."

"சொன்னா முடிஞ்சிடும் புள்ள."

"என்ன முடியிற? உம்மா, எனக்கு ஒண்டும் தொடங்கவே இல்லியே."

நூர்நிஸா என் பக்கம் திரும்பினார். "நானா, நீங்க சொல்லுங்க. நான் ஓம் எண்டுறன்."

குணபால மாத்தையா தலையை அசைத்து மறுத்தார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. ஏனென்றால் அந்தப் பெண் கேட்டது என்னவென்று அந்த மண்டபத்தில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் மனைவியின் விடயத்தைப் பதிய நான் பதிவாளரிடம் போயிருந்தேன். பதிவாளர் பழகிய மனிதர். எல்லாவற்றையும் அவரே சொல்லி, அவரே எழுதினார். நான் ஒவ்வொன்றுக்கும் ஓம் என்றேன். கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். அந்தச் சொல்லை என் வாயால் ஒரு முறையும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்த சனங்களிடமும் சொல்லவில்லை. அவர்களுக்குத்தான் முன்னமே தெரியுமே. மகனுக்குக்கூட என் மச்சான்தான் தொலைபேசியில் சொன்னார்.

நூர்நிஸா ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்தையா, நான் சொல்லி, நீங்க எழுதி, பொறகு அவர் வந்தா?"

ஆறுதலுக்கு எதையாவது சொல்லிவிடுகிற ஆள் அல்ல குணபால மாத்தையா. "வந்தா அவரையும் கூட்டிக்கிட்டு இந்த மேசைக்கு வாங்க. பதிஞ்சத இல்லாம ஆக்க ஒரு வழி இருக்கு. அத நாங்க செஞ்சி தருவோம்" என்றார்.

"எழுதுங்க நானா."

"எத தாத்தா?"

"மாத்தையா இப்ப சொன்னத. சத்தமாச் சொல்லி எழுதுங்க."

"அது ஏலாது நங்கி" என்றார் குணபால மாத்தையா. "இது உங்கட வாக்குமூலம். அது என்ட வார்த்தை."

"அப்ப நான் சொல்றன். அவர் வந்தா பதிஞ்சத இல்லாம ஆக்கித் தருவோம் எண்டு மாத்தையா என்னட்ட சொன்ன. இப்ப இது என்ட வார்த்தை தானே?"

யாரும் சிரிக்கவில்லை. குணபால மாத்தையா கண்ணாடியைப் போட்டு அந்தப் பெண்ணை நன்றாகப் பார்த்தார். அவருடைய வழக்கங்கள் மூன்றில் எதுவும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

"அடிங்க நானா" என்றார்.

உரத்துச் சொல்லி அடித்தேன். நூர்நிஸா கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகு, யாரும் கேட்காமலே, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அவர் மௌத்தாகிட்டார் எண்டு நான் நம்புறன்."

அதையும் நான் சொல்லிச் சொல்லித்தான் அடிக்க வேண்டும். முதல் சொல்லை அடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணினிதான் மெதுவாக வேலை செய்கிறது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். மௌத்தாகிட்டார் என்று சொன்னேன். பிறகு, அச்சில் எடுத்து முழுவதையும் வாசித்துக் காட்டியபோது இரண்டாம் முறையும் சொன்னேன். வேறொருவரின் வாக்குமூலத்தில், வேறொருவரின் கணவருக்காக. என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அந்த இரண்டு தடவைதான். இப்போது எழுதுவதைச் சேர்க்கவில்லை.

நூர்நிஸா விரல் அடையாளம் வைத்தார். சான்றிதழ் கிடைத்தது. அந்த மேலதிக வரி எதற்கு என்று மேலிடத்திலிருந்து கேட்டு எழுதினார்கள். குணபால மாத்தையா ஏதோ பதில் எழுதினார், பிறகு கேள்வி வரவில்லை. நிக்காஹ் நடந்தது. எங்கள் இருவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். கடல் சரியில்லை, போகவில்லை.

அந்த ரப்பர் விசைப்பலகையைப் பிறகு நான் தீவுகளுக்குக் கொண்டு போகவில்லை. தடித்த, சத்தம் போடும் ஒன்றைத்தான் கொண்டு போனேன். பாரம்தான். தன் சொல் எழுதப்படுகிறதா இல்லையா என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை வரக் கூடாது. என் முகம் அதற்கு ஏற்றதல்ல.

ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தத் தீவில் நடமாடும் சேவை நடக்கும்போது நூர்நிஸா வருவார். துண்டு எடுக்க மாட்டார். கடைசி வரிசையில் ஓரக் கதிரையில் வந்து இருப்பார். வாக்குமூல மேசை போட்டாகிவிட்டதா என்று பார்ப்பார். சற்று நேரம் இருந்துவிட்டு எழும்பிப் போவார். குணபால மாத்தையா ஓய்வு பெற்றுச் சிலாபத்துக்குப் போய், அங்கேயே காலமான பிறகும் வந்தார். என்னுடைய கடைசிப் பயணத்திலும் வந்தார். அன்று மட்டும் மேசைக்குக் கிட்ட வந்தார்.

"இனி நீங்க வாறதில்லையாம்?"

"ஓம் தாத்தா. ரிட்டயர் ஆகுறன்."

"மேசை வருமா?"

"வரும்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் கடைசியில் நாலாவதாக ஒன்றை உள்ளேயிருந்து எடுத்து வரச் செய்தேன். எழுபத்தெட்டு விசைகள், மெல்லிசு, பைக்குள் போகும். ஒவ்வொரு விசையும் அமத்தும்போது மேசைக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சத்தம் போட்டது. முதலாளியை நாலு அடி தள்ளி நிற்கச் சொல்லிப் பரிசோதித்தேன். அவர் பாவம், நின்றார்.

வீட்டுக்கு வந்து பர்ஹானாவுக்கு எடுத்தேன். எந்த வகை, எத்தனை விசை, எதை வாங்கவே கூடாது எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டாள். பிறகு நூர்நிஸாவின் கதையையும், அந்த ஒரு சொல்லைத் தவிர, முழுவதும் சொன்னேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"கடைசி வரிசையில வந்து இருப்பா. நீங்க ஒண்டும் கேக்க வேணாம்" என்றேன்.

"ஒண்டுமே கேக்காம எப்பிடி சேர்?"

"ஒரு தேத்தண்ணி குடுங்க. குடிச்சிட்டுப் போவா."

பிறகு பர்ஹானா மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு பேரா வந்தா சேர்?"

"வரிசைய நிப்பாட்டிட்டு, மேசைக்குக் கூப்பிடுங்க."